காலுறை போட எத்தனை நிமிடம்

டென்மார்க்கில் ஒரு முதியவரின் வீட்டுக்கு உதவிக்குப் போகிறவர், கதவைத் தட்டுவதற்கு முன் அவருடைய இலக்கைப் படித்திருக்க வேண்டும். எங்கள் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி, தந்திருக்கும் கைக்கருவியில் அவர் எடுக்கும் மருந்துகள், வாசலில் இருக்கும் சாவிப்பெட்டியின் எண், கிட்டிய உறவினரின் தொலைபேசி ஆகியவற்றோடு ஒரு சின்னக் கட்டமும் இருக்கிறது. இந்த மனிதர் எதை விரும்புகிறார், எதைத் தன் கையாலேயே செய்ய நினைக்கிறார் என்பதை அதில் எழுத வேண்டும். துவைத்த உடுப்பைத் தோட்டத்துக் கொடியில் நானே காயப்போட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். இரவில் ஒருவரையும் கூப்பிடாமல் கழிப்பறைக்குப் போய் வர வேண்டும் என்று இன்னொருவர். பேரனின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய வேண்டும் என்று வேறொருவர்.

1990களின் இறுதியிலிருந்து மத்திய யூலண்டில் நான் செய்துவருவது இந்த வேலைதான். நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கட்டம் கிடையாது. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் யார் யாருடைய கை எழுதியது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். மற்றவர்களுடைய இலக்குகளை எழுதுகிற இடத்துக்கு வருமுன், என்னுடைய இலக்கை வேறொருவர் எழுத நான் எதிரில் உட்கார்ந்திருந்தவள் என்பதாலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கதை சுருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு டென்மார்க்கில் கையிருப்பு இல்லாமல் வயதாகிவிட்டால் ஏழைகளுக்கான உதவியைத்தான் கேட்க வேண்டும். அதை வாங்கியவருக்கு வாக்குரிமை போய்விடும். 1891 ஏப்ரலில் வந்த சட்டம் அறுபது வயதைத் தாண்டிய, ஒழுங்காக வாழ்ந்தவர் என்று கருதப்பட்ட ஏழைகளை அந்த அவமானத்திலிருந்து பிரித்து, தனியாக ஒரு முதியோர் உதவியைத் தந்தது. எவ்வளவு தருவது என்பதை அந்தந்த ஊர்ச்சபைதான் தீர்மானித்தது. 1922இல்தான் நிலையான தொகை வந்தது. 1956இல் 67 வயதானவர்களுக்கெல்லாம் மக்கள் ஓய்வூதியம் என்று ஆனது. பசியும் குளிரும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே அன்றைய நோக்கம், அது சிறிய காரியமும் அல்ல. ஆனால் அந்த முதியவர் தன் நாளை எப்படிக் கழிக்க விரும்புகிறார் என்று கேட்பதற்கான இடம் எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை.

வீட்டு உதவி வேறு வழியால் வந்தது. நோய்வாய்ப்பட்ட அல்லது பிள்ளை பெற்ற இல்லத்தரசிக்குப் பதிலாக வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அனுப்பும் சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. 1958இல் அது ஓய்வூதியம் பெறும் முதியவர்களுக்கும் நீண்டது. அக்காலத்து உதவியாளர் அனேகமாக நடுத்தர வயதுப் பெண். கூட்டுவார், சமைப்பார், கோப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கதைப்பார். என்னோடு வேலை செய்த மூத்த டேனிஷ் பெண்கள் சிலர் அப்படித் தொடங்கியவர்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை உள்ளே போனபிறகு பார்த்தே முடிவு செய்தோம் என்பார்கள்.

இன்னொரு பக்கம் வயோதிபர் இல்லங்கள் பெருகின. அங்கே படுக்கையும் சாப்பாடும் குளிப்பாட்டலும் நேரத்துக்கு நடக்கும். ஆனால் உள்ளே போனவரின் ஓய்வூதியத்தை இல்லத்துச் செலவுக்கு எடுத்துக்கொண்டு அவருக்குக் கைச்செலவுப் பணம் மட்டும் கொடுத்தார்கள். நாற்பது வருடம் பண்ணை நடத்திய மனிதர் சுருட்டு வாங்கப் பிள்ளைகளைப்போலச் சில்லறை வாங்கியதை நினைத்துப் பார்க்கிறேன். முழு வசதியும் தந்து, முடிவெடுக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்ட காலம் அது.

1980களின் தொடக்கத்தில் அரசு அமைத்த முதியோர் ஆணைக்குழு மூன்று கொள்கைகளைச் சொன்னது. வாழ்க்கையின் தொடர்ச்சி அறுபடக் கூடாது, முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், அவரிடம் மிஞ்சியிருக்கும் ஆற்றலைப் பாவிக்க வேண்டும். சொன்னதைச் செய்து பார்த்த ஊர் வட சீலண்டில் இருந்த ஸ்கேவிங்க என்ற சின்னக் கொம்யூன். 1984இல் லிஸ் வாக்னர் என்ற தாதியின் தலைமையில், பவுனபார்கன் என்ற வயோதிபர் இல்லத்துக்கும் ஊருக்குள் வீடுகளில் இருந்தவர்களுக்கும் இடையே இருந்த மதிலை அங்கே அகற்றினார்கள். இல்லத்து அறைகள் குடியிருப்புகளாயின. ஒரே ஊழியர் குழு இரவும் பகலும் உள்ளேயும் வெளியேயும் போய் உதவியது. இயன்றதைத் தானே செய்துகொள்ளும்படி முதியவரைக் கேட்டார்கள். 1987இல் நிறைவேறிய சட்டம் பழைய பாணி வயோதிபர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தியது. 2007இன் கொம்யூன் சீர்திருத்தத்தில் 271 கொம்யூன்கள் 98 ஆகச் சுருங்கியபோது ஸ்கேவிங்கவும் ஹில்லரோடுக்குள் கரைந்துவிட்டது. ஊரின் பெயர் நிர்வாக வரைபடத்திலிருந்து போனாலும் அங்கே நடந்தது எங்கள் தொழிலின் அடித்தளமாக இருக்கிறது. தொழில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் அதை விடாமல் சொல்கிறேன்.

ஸ்கேவிங்கவில் இது நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டவர்கள் பலர் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் டென்மார்க்குக்கு வந்தார்கள். அதே 1983இல் டேனிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டவர் சட்டம் அகதிகளுக்குத் தாராளமானது. முதலில் வந்த இளைஞர்களின் இலக்கு என்னவென்று யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை. கடனை அடைக்க வேண்டும், தங்கைமாருக்குச் சீதனம் சேர்க்க வேண்டும், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். அந்தக் கடைசி இலக்குக்குக் குறுக்கே 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் நின்றார். சட்டப்படி உரிமையிருந்த தமிழ்க் குடும்பங்களின் மனுக்களை அவருடைய அமைச்சு கிடப்பில் போட்டது. விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தபோது பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அரசியலுக்கான உயர் நீதிமன்றம் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ்காரர் இன்றைக்கும் அதைத் ‘தமிழர் வழக்கு’ என்றே சொல்கிறார்கள். ஒரு மனிதர் தன் வாழ்க்கைக்கு வைத்த நோக்கத்தை ஓர் அலுவலக மேசையின் இழுப்பறைக்குள் பூட்டிவைக்க முடியும் என்பதை இந்த நாடு தன்னுடைய சட்டப் புத்தகத்திலேயே பதிந்துவைத்திருக்கிறது. அதைத் தவறென்று தீர்ப்பளித்ததற்காக இந்த நாட்டை நான் மதிக்கிறேன்.

நான் வந்தபிறகு தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். ஹெர்னிங், இகாஸ்ட் பக்கம் அப்போது பின்னலாடைத் தொழிலுக்குப் பேர்போனது. 1990களில் தைக்கும் வேலை போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் போகப் போக, இயந்திரங்களும் ஒவ்வொன்றாய்க் கழன்றன. டென்மார்க்கில் அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வேலையில்லை. 1994 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சந்தைச் சீர்திருத்தம் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தது. வேலையில்லாதவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செயல்திட்டம். எந்த வேலையை நோக்கிப் போகிறார், அதற்கு என்ன படிக்கப் போகிறார் என்று அலுவலரும் அவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1999இல் ஒருங்கிணைப்புச் சட்டம் அதே முறையைப் புதிதாக வரும் அகதிகளுக்கும் நீட்டியது. 2006இல் அது ஒப்பந்தம் என்ற பெயரோடு இன்னும் இறுக்கமானது.

என் செயல்திட்டம் எழுதிய அறையில் அலுவலர் மரியாதையாகவே கதைத்தார். ‘உன் இலக்கு என்ன?’ என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணினித் திரையில் விடை இருந்தது. முதியோர் பராமரிப்பில் ஆள் தட்டுப்பாடு, படிப்பு ஒரு வருடம், படிக்கும்போதே சம்பளம். நல்ல யோசனைதான். நான் தலையசைத்தேன், கையெழுத்திட்டேன். ஆனால் கேள்விக்கும் விடைக்கும் நடுவே நான் இருக்கவில்லை. என் மனதில் இருந்ததெல்லாம் வவுனியா முகாமில் இருந்த அக்காவுக்கு மாதம் தவறாமல் காசு அனுப்புவது, என்னுடைய மகளை யாரிடமும் விடாமல் பள்ளியிலிருந்து நானே கூட்டி வருவது. இந்த இரண்டுக்கும் அந்தப் படிவத்தில் வரி இல்லை. இரண்டாவதை நான் சொல்லியிருந்தால் பகல் வேலை நேரம் உள்ள ஓர் இடத்தை முதலிலேயே தேடியிருக்கலாம். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தொழிலை நான் பிறகு முழுமனதோடு நேசிக்கத் தொடங்கினேன். ஆயினும் ஆரம்ப வருடங்களில் வேறொருவர் எனக்காக எழுதிய வாசகத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கும் உணர்வு இருந்துகொண்டே இருந்தது.

பராமரிப்புத் தொழிலுக்கே புதுச் சட்டையை 1991இல் மாட்டியிருந்தார்கள். வீட்டு உதவியாளர், நோயாளர் உதவியாளர், இல்லப் பணியாளர் என்று தனித்தனியாக இருந்த தொழில்களை ஒன்றாக்கி, சமூக சுகாதார உதவியாளர் என்ற படிப்பைத் தொடங்கினார்கள். எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘சோசு’ என்பார்கள். டென்மார்க்கின் தமிழ்ப் பெண்கள் பலர் சோசு படித்தவர்கள். நான் அந்தச் சீருடையைப் போட்ட காலத்தில், 1998இல், கொம்யூன்களின் சங்கம் ‘பொது மொழி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. நாட்டின் எந்த மூலையிலும் பராமரிப்பை ஒரே அளவுகோலால் விவரிக்க வேண்டும் என்பது நோக்கம். ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதற்கு எண். அவருக்குத் தேவையான ஒவ்வொரு உதவிக்கும் பெயர். பெயர் வந்தால் நிமிடமும் பின்னால் வரும். குளிப்பாட்டலுக்கு இத்தனை, காலைச் சாப்பாட்டுக்கு இத்தனை.

எங்கள் தொழிலில் மிகச் சாதாரணமான வேலை அமுக்கக் காலுறை போடுவது. கால் வீங்கும் முதியவர்களுக்குக் காலையில் படுக்கையை விட்டு எழும்பியதும் போட்டு, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். அந்தத் துணி கல்போல இறுக்கமானது. விரல் வலுவில்லாதவரால் இழுக்க முடியாது. டென்மார்க்கில் இருட்டு விலகாத குளிர்காலக் காலைகளில் ஆயிரக்கணக்கான சோசுக்கள் காரிலும் சைக்கிளிலும் வீடு வீடாகப் போவதில் ஒரு பெரிய பங்கு இந்தக் காலுறைக்காகத்தான். எங்களுக்குத் தந்த பட்டியலில் காலுறைக்கு எண்ணி விட்ட நிமிடங்கள் இருந்தன. உள்ளே போய், வணக்கம் சொல்லி, முழங்காலில் இருந்து, இழுத்து மாட்டி, வெளியே வந்து அடுத்த வீடு. பத்திரிகைகள் இதை நிமிடங்களின் கொடுங்கோல் என்றே எழுதின. 2003இலிருந்து தனியார் நிறுவனங்களும் வீட்டு உதவி தரலாம் என்று ஆனபோது, எதற்கு எவ்வளவு பணம் என்று கணக்கிட வேண்டியிருந்ததால் நிமிடங்கள் இன்னும் நுணுக்கமாயின.

இலக்கு என்ற சொல் அந்த வருடங்களில் எங்கள் கூட்டங்களில் இடைவிடாமல் அடிபட்டது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கு எழுதிய முகாமைப் புத்தகங்களிலிருந்து வந்த இலக்கு. பீட்டர் டிரக்கர் 1954இல் இலக்குகளைக்கொண்டு நிர்வகிப்பது பற்றி எழுதினார். ஜோர்ஜ் டோரன் 1981இல் நல்ல இலக்குக்குரிய ஐந்து குணங்களை ஆங்கில எழுத்துகளால் ‘ஸ்மார்ட்’ என்று கோத்தார். குறிப்பானது, அளக்கக்கூடியது, காலக்கெடு உள்ளது என்று அது போகும். டேனிஷ் அரசு அலுவலகங்கள் 1990களில் இதைக் கையிலெடுத்தன. திணைக்களங்களோடு இலக்கு ஒப்பந்தம், ஊழியரோடு வருடத்துக்கொருமுறை வளர்ச்சி உரையாடல். அந்த உரையாடலை டேனிஷில் ‘மூஸ்’ என்பார்கள். மூஸில் என் மேலதிகாரி அடுத்த வருடத்துக்கு நான் என்ன கற்க விரும்புகிறேன் என்று கேட்பார், கேட்டதை எழுதியும் வைப்பார். அது எனக்குப் பிடித்த வழக்கம். காயம் கட்டும் பயிற்சிக்கும் மறதி நோய் பற்றிய வகுப்புக்கும் அந்த உரையாடல் வழியாகவே போனேன். நாங்கள் போகும் வீடுகளில் இருந்தவர்களை மட்டும் அப்படி உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கிய ஊர் பிரெடரிசியா. லில்லபெல்ட் நீரிணையின் கரையில், மூன்றாம் பிரெடரிக் மன்னர் 1650இல் கோட்டை நகரமாக நிறுவிய ஊர். மண் அரண்கள் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. இன்னும் சில வருடங்களில் எண்பது வயதுக்காரர் பெருகுவார்கள், அவர்களுக்கு உதவ ஆளும் இருக்காது, காசும் இருக்காது என்று அந்தக் கொம்யூன் கணக்குப் பார்த்தது. சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரில் வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் முறையைப் பார்த்துவந்து, 2008இல் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். ‘இயன்றவரை நெடுங்காலம் சொந்த வாழ்க்கையில்’ என்பது திட்டத்தின் பெயர்.

மாற்றம் ஒரு கேள்வியில் தொடங்கியது. அதுவரை உதவி கேட்டு விண்ணப்பித்தவரிடம் அலுவலர் போய், ‘உங்களுக்கு எதில் உதவி வேண்டும்?’ என்று கேட்பார். பிரெடரிசியாவில், ‘உங்களால் மறுபடியும் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். முதல் கேள்விக்கு விடை ஒரு பட்டியல். கூட்ட, குளிக்க, காலுறை போட. இரண்டாவது கேள்விக்கு மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு தன்னுடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவார்.

கேள்வியை மாற்றினால் போதாது, வேலையும் மாற வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அலுவலகங்களில் இருந்த தொழில்வழிச் சிகிச்சையாளரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் சோசுக்களோடு வீடுகளுக்குப் போனார்கள். சோசுவை வீட்டுப் பயிற்றுநர் என்று அழைத்தார்கள். சில வாரங்களுக்குத் தீவிரமான பயிற்சி, அதன் பிறகு என்ன உதவி மிஞ்சுகிறது என்று பார்த்துக் கொடுப்பது. பல இடங்களில் சிகிச்சையாளர்கள் 1991இல் கனடாவில் வெளியான ஒரு முறையைப் பாவிக்கிறார்கள். தன் அன்றாடத்தில் எது முக்கியம் என்று முதியவரே சில காரியங்களைச் சொல்வார். ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் தானே புள்ளி இடுவார். சில வாரங்கள் கழித்து மறுபடியும் இடுவார். தாதியோ மருத்துவரோ அந்தப் புள்ளியைத் திருத்த முடியாது.

எங்கள் கொம்யூனுக்கும் இது சில வருடங்களில் வந்தது. எனக்கு முதலில் தாங்க முடியவில்லை, காலுறையில்தான். எண்பத்துநாலு வயது மூதாட்டி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இழுக்க உதவும் வழுக்குத் துணியைக் காலில் மாட்டி, நெற்றி வியர்க்க இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உதவு என்பது டேனிஷ்காரர் இந்த முறைக்குச் சொல்லும் வாக்கியம். வாயால் வழிகாட்டலாம், தொடக் கூடாது. வடமராட்சியில் வளர்ந்த எனக்கு அது பாவம்போல இருந்தது. அம்மம்மா தண்ணீர் கேட்கும் முன்பே செம்பில் தண்ணீர் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. பெரியவர்களைக் கையை அசைக்க விடாமல் பார்ப்பதுதான் மரியாதை. அதே அம்மம்மா கடைசிக் காலத்தில் முற்றத்தைக் கூட்டக் கேட்டபோது விளக்குமாற்றை ஒளித்துவைத்த வீடும் எங்களுடையதுதான். அவர் தானே கூட்டி வைத்திருந்த முற்றம் அது, ஐம்பது வருடம்.

மூதாட்டி அந்தக் காலுறையைத் தானே போடக் கற்றுக்கொண்டதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. சோசு வரும்வரை படுக்கையிலேயே காத்திருக்க வேண்டும், அவர் வரும் நேரம் நாளுக்கு நாள் மாறும். காலை ஆறு மணிக்கு எழும்பி, கோப்பியோடு வானொலிச் செய்தி கேட்பது அவருடைய வாழ்நாள் வழக்கம். காலுறை அவருடைய இலக்கே அல்ல. ஆறு மணிதான் இலக்கு. நாங்கள் கட்டத்தில் முதலில், இத்தனை வாரத்துக்குள் காலுறையைத் தனியாகப் போடுவார் என்று எழுதியிருந்தோம். அளக்கலாம், காலக்கெடு உண்டு, புத்தகப்படி சரியானது. ஆறு மணிக்கு எழும்பிச் செய்தி கேட்பது என்று மாற்றி எழுதிய பிறகுதான் அவர் மனம்வைத்துப் பயிற்சி செய்தார். அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருநூறு மீற்றர் நடந்தார் என்று குறித்துவைத்தால்தான் அடுத்த சோசுவுக்குத் தெரியும். ஆனால் அளவு அந்த மனிதர் சொன்ன வாக்கியத்துக்குக் கீழே வர வேண்டும், அதன் இடத்தில் வரக் கூடாது.

அரசு அமைத்த வீட்டு உதவி ஆணைக்குழு 2013இல் இந்த முறையைப் பரிந்துரைத்தது. 2015 ஜனவரி 1 முதல் சமூகசேவைச் சட்டத்தில் 83அ என்ற பிரிவு சேர்ந்தது. உதவி கேட்பவரின் இயலுமையைப் பயிற்சியால் கூட்ட முடியும் என்று தோன்றினால் கொம்யூன் காலவரையறையுள்ள பயிற்சியை வழங்கியே ஆக வேண்டும், இலக்குகளை அவரோடு சேர்ந்தே வகுக்க வேண்டும், மாற்றுவதானாலும் அவரோடு சேர்ந்தே மாற்ற வேண்டும் என்று அது சொன்னது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி ஏறியது பெரிய விஷயம். 1891இல் ஊர்ச்சபை முன் தலைகுனிந்து நின்றவரின் சந்ததியினருக்கு அந்த உரிமை கிடைத்தது.

காசு இதில் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உதவி குறைந்தால் செலவும் குறையும். கொம்யூன்களுக்கு இந்த முறை பிடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. சிக்கனம் குற்றமல்ல, வரிப்பணம் எல்லோருடையதும். ஆனால் இந்த வருடம் இவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மேலே முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு கீழே வந்து முதியவரிடம் உங்கள் இலக்கு என்ன என்று கேட்டால், விடை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அவரை உட்காரவைக்கிறோம். தூசு உறிஞ்சுவதைத் தானே செய்வார் என்று எழுதியிருக்கும், அவர் வாழ்நாளில் ஒரு தடவையும் அதை விரும்பியிருக்க மாட்டார். எல்லோரும் மேலே ஏறிக்கொண்டே இருக்கவும் முடியாது. மறதி நோய் முற்றிய கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியிடம் முன்னேற்றம் பற்றிக் கேட்பது கொடுமை. இந்த வருடமும் அவர் என்னை அடையாளம் காண வேண்டும் என்றுதான் ஒருவர் சொன்னார். அதை அவர் சொன்னபடியே நான் எழுதினேன். யாரும் புள்ளியிடவில்லை.

2025 யூலை 1 முதல் முதியோருக்கென்று தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுயநிர்ணயம், ஊழியர்மீது நம்பிக்கை, உறவினரோடும் ஊராரோடும் ஒத்துழைப்பு என்ற மூன்றும் அதன் அடிப்படை. தனித்தனி உதவிகளை எண்ணிக் கொடுப்பதற்குப் பதிலாக, முழுமையான பராமரிப்பாக ஒருவருக்கு வழங்கி, அன்றன்று என்ன தேவை என்பதை அவரும் வீட்டுக்குப் போகும் ஊழியரும் சேர்ந்து பார்க்கலாம். நிமிடப் பட்டியலோடு ஓடிய எனக்கு இது நீண்டகாலம் காத்திருந்த செய்தி. அந்தக் கட்டத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கவலை. சுதந்திரம் கிடைத்துவிட்டது, இனிக் கேட்டு எழுதத் தேவையில்லை என்று நினைத்தால், பழைய கோப்பிக் காலத்துக்குத்தான் திரும்புவோம். நல்ல உதவியாளர் வாய்த்தவருக்கு நல்ல வாழ்க்கை, மற்றவருக்கு அவரவர் தலைவிதி.

எண்பதுகளில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. கட்டத்தின் மறுபக்கத்தில் இனி அவர்கள். அண்மையில் ஒரு தமிழ்த் தாய்க்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து, வீட்டுப் பயிற்சிக்கு நான் போனேன். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். டேனிஷ் சிகிச்சையாளர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், அவர் என்னைப் பார்த்து, ‘பிள்ளை, மகளைக் கேளுங்கோ’ என்றார். மகளும் பக்கத்திலேயே இருந்தாள். ‘அம்மா ஒண்டும் செய்யத் தேவையில்லை, நான் இருக்கிறன்’ என்றாள். நல்ல மகள், மனதாரச் சொன்னாள். சிகிச்சையாளர் நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கிக்கொள்வார் என்று எழுதத் தொடங்கினார். பல வீடுகளில் எழுதும் வரி.

மகள் கதவடிக்குப் போனபிறகு மறுபடியும் கேட்டேன். ‘அம்மா, அவவுக்காக இல்லை, உங்களுக்கு என்ன செய்ய வேணும் எண்டு இருக்கு?’

‘சோறு வடிக்க வேணும்’ என்றார்.

சிகிச்சையாளருக்கு நான் விளக்கிச் சொன்னேன். குத்தரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கொதிக்கும் பானையை மூடியோடு சாய்த்துக் கஞ்சியை இறுக்க வேண்டும். பானையின் பாரம், ஆவி, சாய்க்கும்போது இடுப்பில் விழும் சுமை. மின்சாரச் சோற்றுப் பானை இருக்கிறதே என்று அவர் கேட்டார். மகள் வாங்கிக் கொடுத்தது அலுமாரியில் பெட்டியோடு இருந்தது. உப்புப் போட்டுக் கஞ்சி குடிப்பது அதில் வராது. அந்த இளம் சிகிச்சையாளர் அதை மறுக்கவில்லை. அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்தார். பானையைத் தூக்காமல் மேசைவழியே நகர்த்தித் தொட்டியின் விளிம்பில் சாய்க்கலாம் என்று கண்டுபிடித்தார். முதலில் பச்சைத் தண்ணீர், அரைப் பானை. பிறகு சுடுதண்ணீர். பிறகு ஒருவருக்கு மட்டும் போதுமான சின்னப் பானையில் அரிசி. கைக்கருவியின் கட்டத்தில் டேனிஷில் அவர் எழுதிய வரியை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். தாய் கேட்டுவிட்டு, ‘கஞ்சியையும் எழுதச் சொல்லுங்கோ’ என்றார். எழுதினோம்.

அது முடிந்து, இப்போது கட்டத்தில் அடுத்த வரி ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமையில் மகளின் காருக்குக் காத்திராமல், பஸ்ஸில் தானே பிராண்ட ஊரில் இருக்கும் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போய் வர வேண்டும். சிகிச்சையாளர் பஸ் நேர அட்டவணையை எடுத்துவைத்திருக்கிறார். எந்தத் தரிப்பிடத்தில் பஸ்ஸின் வாசற்படி நடைபாதையோடு ஒட்டி நிற்கிறது என்று பார்க்க அடுத்த கிழமை நாங்கள் இருவரும் போகிறோம்.